மூணு டிக்கெட்... ஒரு ராக்கெட்!

கண்டக்டர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் மடியைப் பார்த்தார். மடியில் மூன்றடி நீளத்துக்கு ஒரு வஸ்து, பழைய வேட்டியில் சுற்றி, சணல் கட்டி, குழந்தை மாதிரி படுத்திருந்தது.

“இது என்ன?”

“ராக்கெட்.”

“ராக்கெட்டுன்னா தானே பறந்து போகணும்? பின்னே எதுக்கு பஸ்ஸிலே ஏத்திக்கிட்டு வர்றீங்க?”

நியாயமான கேள்வி. பி.காம். படித்த என்னிடம் பதில் இல்லை. ஜன்னலோரம் இருந்த என் அண்ணன் மகன் பதில் சொன்னான். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் எல்லோரும் ‘விஞ்ஞானி’ என்றுதான் கூப்பிடுவோம்.

“பறக்குது சார். ஆனா ரெண்டா பிரிய மாட்டேங்குது. அதான் தும்பாவுல போய்ப் பாத்துட்டு வரலாம்னு.”

கண்டக்டர் பெரிய மனசோடு மூணு டிக்கெட் மட்டும் கிழித்தார். ராக்கெட்டுக்கு இலவசம்.

மூன்றாவது டிக்கெட் எனக்கு முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்கு. நாகர்கோவிலில் சைக்கிள் கடை. வேலை நாளில் அண்ணன் கடையை அடைத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் காலையில் ஷட்டரை இழுத்துப் பூட்டியவர், பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்தார். வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்த பிறகும், “எவனாவது பஞ்சர்னு வந்து நிப்பானோ என்னமோ...” என்று முனகிக்கொண்டே இருந்தார்.

*

விஷயம் இதுதான். சென்னையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு இப்போது கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கடைசி வரியில் கூட்டல் சரியாக வர வேண்டும்.) நாலு நாள் ஊரில் இருக்கலாம் என்று நாகர்கோவில் போனால், மதினி புகாரோடு காத்திருந்தார். வீட்டில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கூட மிச்சமில்லையாம். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் எதை ஊற்றி வைத்தாலும் கவிழ்த்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறானாம்.

பின்கட்டில் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ‘இரண்டடுக்குத் தண்ணீர் ராக்கெட்’ உருவாகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ராக்கெட் சுலபம். பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயை அடைத்து, தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். பிடியை விட்டால், உள்ளே இறுகிய காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சும். பாட்டில் மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி. இந்த விதியை விஞ்ஞானி படித்தது எந்தப் புத்தகத்தில் தெரியுமா? கடை அலமாரியில், டயர்களுக்கு நடுவே கிரீஸ் அப்பிக் கிடந்த பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில். அது அண்ணனுடையது.

இரண்டடுக்குதான் வம்பு. ஒரு பாட்டில் மேல் இன்னொரு பாட்டில். முதலில் கீழ் பாட்டில் தள்ள வேண்டும். அது ஓய்ந்ததும் கழன்று விழ வேண்டும். அப்புறம் மேல் பாட்டில் தன் பாட்டுக்குப் பீய்ச்சிக்கொண்டு போக வேண்டும். விஞ்ஞானியின் ராக்கெட் நாலு முறை பறந்தது. நாலு முறையும் இரண்டு பாட்டிலும் புதுமணத் தம்பதி மாதிரி ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டே மேலே போய், அப்படியே இறங்கியது. ஒருமுறை பக்கத்து வீட்டு வடகத்தின் மேல்.

“எதுக்குடே ரெண்டு பாட்டிலு? ஒண்ணையே பெருசா பண்ணிட்டா என்ன?” என்று கேட்டேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “தீந்து போன பாட்டிலையும் சேத்துத் தூக்கிட்டே போகணுமா சித்தப்பா? வெயிட்டு!”

அவன் சொன்னதை நம் கணக்கு பாஷையில் சொல்கிறேன். நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 44 மீட்டர் உயரம், சுமார் 320 டன் எடை. நாலு அடுக்கு. இத்தனையும் சேர்ந்து பூமியிலிருந்து 600 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைச் சுற்றும் பாதைக்குக் கொண்டுபோவது 1,750 கிலோ. அதாவது நூறு ரூபாய் முதல் போட்டு, அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் சரக்கு டெலிவரி. எந்த பாங்க்கும் லோன் தராது. மீதி 99 ரூபாய் சொச்சமும் எரிபொருள், அதைச் சுமக்கிற கூடு. எரிபொருள் தீர்ந்ததும் கூடு வெறும் பாரம். அதை உதறினால்தான் மிச்சம் இருப்பது வேகம் பிடிக்கும். ஆக, ராக்கெட்டில் அடிப்பகுதி என்பது நூறு சதவீதம் தேய்மானம். புது நிலையில் வாங்கி, சில நிமிஷத்தில் பேரேட்டிலிருந்தே அடித்துவிட வேண்டியது.

“அது எப்படி கழலுதுன்னு தும்பா மியூசியத்துல போய்ப் பாத்தா தெரியும்” என்றான் விஞ்ஞானி.

அண்ணன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: “நானும் வாரேன்.”

மதினி கையிலிருந்த டம்ளர் நழுவியது.

*

பஸ் தக்கலை, மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளையில் மாநிலம் மாறியது. மாறினது போர்டில் எழுத்து மட்டும்தான். தென்னை அதே தென்னை. 1956 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சிதானே. நெய்யாற்றின்கரை வந்தபோது அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“அப்பா சொன்னது ஞாபகம் இருக்காடே? வானத்துல ஆரஞ்சு மிட்டாய்?”

எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயசு. அண்ணனுக்குப் பதினேழு, பிளஸ் டூ. அண்ணன்தான் சொன்னார். 1963 நவம்பர் 21. அப்பாவுக்கு எட்டு வயசு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். வடமேற்கே வானத்தில், யாரோ ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு மேகம். தெருவே வெளியே வந்து நின்றதாம். ஆச்சி, உலகத்துக்கு ஏதோ ஆகப்போகிறது என்று சூடம் கொளுத்திவிட்டாராம்.

உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தியாவுக்கு ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போன நாள் அது. ஆரஞ்சு மேகம் அந்த ராக்கெட் உயரத்தில் கக்கின சோடியம் ஆவி. மேலே காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்க, வானத்தில் போட்ட சாயக்கோடு.

“அதைப் பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை உண்டு, கேட்டியா? எழுவது கிலோமீட்டர்தான். நாப்பத்திரண்டு வயசாகுது” என்றார் அண்ணன். அப்புறம் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

தும்பா என்றால் மலையாளத்தில் நம் தும்பைச் செடிதான். வேட்டியை வெளுத்தால் ‘தும்பைப்பூ மாதிரி’ என்போமே, அதே பூ. திருவனந்தபுரம் நகரத்துக்கு வடக்கே, கடலோரம், மணல், தென்னை, மீன் வலை. இப்படி ஒரு கிராமத்துக்கு ராக்கெட் ஏன் வந்தது?

பூமியின் காந்த நடுக்கோடு அன்றைக்கு இந்த ஊருக்குப் பக்கத்தில் போயிற்று. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அங்கே பலூன் எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே இறங்கிச் சுற்ற முடியாது. ராக்கெட் ஒன்றுதான் வழி. டாக்டர் விக்ரம் சாராபாய் தேடித் தேடி இந்த இடத்தைப் பிடித்தார். ஆனால் இடத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. சுற்றிலும் மீனவக் குடும்பங்கள் இருந்தன.

மியூசியத்துக்குள் நுழையும் முன் எங்களுக்கு ஒரு பிரச்னை. மத்திய அரசின் விண்வெளி நிலையத்துக்குள், வேட்டியில் சுற்றின ராக்கெட்டோடு எப்படிப் போவது? நினைத்தாலே எனக்கு வியர்த்தது. எதிரே இருந்த டீக்கடையில் மூணு சாயா, மூணு பழம்பொரி சொல்லிவிட்டு, “சேட்டா, இதைக் கொஞ்சம் வச்சிருக்க முடியுமா? ராக்கெட்டு...” என்று தயங்கினேன்.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வாங்கி, ஏத்தம்பழக் குலைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். “இவிடெ ராக்கெட்டு ஒரு விசேஷமும் இல்லா. குடை ஆணெங்கில் திருட்டுப் போகும்” என்றார்.

அடையாள அட்டை காட்டி உள்ளே போனோம். மியூசியம் இருக்கிற கட்டடமே அந்தப் பழைய புனித மேரி மக்தலேன் தேவாலயம்தான். வெளியே புல்வெளியில் ராக்கெட் மாதிரிகள். நடுவே வளைவு ஜன்னல்களோடு கோயில். உள்ளே நுழையும்போது அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்ற வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். “இருக்கட்டு” என்றார்.

விளக்கம் சொன்ன இளைஞர் நன்றாகத் தமிழ் பேசினார். சாராபாய் இந்த இடம் வேண்டும் என்று பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் போய்க் கேட்டிருக்கிறார். பிஷப் ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள்’ என்றாராம். வந்தபோது, கூடியிருந்த ஜனங்களிடமே விஷயத்தைச் சொல்லி, கோயிலையும் வீடுகளையும் விஞ்ஞானத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கோயில் முழுக்க ‘ஆமென்’ என்றதாம். பின்னாளில் டாக்டர் அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை இது. ஜனங்கள் பக்கத்திலேயே பள்ளித்துறைக்குக் குடிபெயர்ந்து, புதுக் கோயில் கட்டிக்கொண்டார்கள். பழைய கோயில் ராக்கெட் பட்டறை ஆனது. பிஷப் வீடு ஆபீஸ் ஆனது. மாட்டுத் தொழுவம்கூட ஆய்வுக்கூடம் ஆனது.

அந்த முதல் ராக்கெட் இந்தக் கோயிலுக்குள்தான் பூட்டப்பட்டது. நைக்-அப்பாச்சி என்று பெயர், அமெரிக்கச் சரக்கு. பூட்டும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் ராமேஸ்வரத்து இளைஞர் கலாமுக்கு. கடைசி நேரத்தில் ராக்கெட்டைத் தூக்க வேண்டிய கிரேனில் ஹைட்ராலிக் கசிவு. ஆட்கள் சேர்ந்து கையாலேயே தூக்கி ஏவுகருவியில் வைத்தார்கள். சுவரில் ஒரு புகைப்படம்: ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். 1966-ல் உலகப் புகழ் பெற்ற ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படங்களில் ஒன்று.

அண்ணன் அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் உணர்ச்சிவசப்பட்டுப் பக்கத்தில் போனேன். “பின் சக்கரத்துல காத்து கம்மி” என்றார்.

விஞ்ஞானி அதற்குள் இளைஞரைப் பிடித்துக்கொண்டான். “சார், நைக்-அப்பாச்சி ரெண்டடுக்குதானே? ரெண்டையும் எதால பூட்டியிருப்பாங்க? எப்படிக் கழலும்?”

“பூட்டவே இல்லை தம்பி” என்றார் அவர். “மேல் ராக்கெட்டோட அடி, கீழ் ராக்கெட்டோட தலையில சும்மா செருகி உட்கார்ந்திருக்கும். கீழே உள்ளது தள்ளற வரைக்கும் மேலே உள்ளது அதன்மேல அழுந்தி இருக்கும். சுமார் மூன்றரை விநாடியில கீழே உள்ளது தீர்ந்துடும். அது தடிமனானது, இறக்கையும் பெருசு. காற்று அதைப் பிடிச்சு இழுக்கும். மேலே உள்ளது ஒல்லி. நழுவி முன்னாடி போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு அது பத்திக்கும்.”

விஞ்ஞானி வாயைப் பிளந்தான். அவன் நாலு முறையும் கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தான்.

அப்போதுதான் அண்ணன் கேட்டார். “தம்பி, அந்தக் கீழே உள்ளது... அது கடலிலேயா விழும்?”

“ஆமா சார்.”

“அப்புறம் அதை யாரு எடுப்பா?”

“யாரும் எடுக்க மாட்டாங்க சார். அதோட வேலை முடிஞ்சுது.”

அண்ணன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அது எங்கே விழுகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட், கழன்று விழும் பகுதிகள் இலங்கை மேல் விழுந்துவிடாமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவிலேயே எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. நேராகத் தெற்கே கடல் மேல் விடலாம் என்றுதான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மேலே போவதைப் பார்க்கத்தான் நமக்குத் தெரியும். திட்டம் போடுகிறவர்கள் விழுவதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

அடுத்தடுத்த கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே போனோம். 1967 நவம்பர் 20-ல் பறந்த ரோகிணி-75, வெறும் 75 மில்லிமீட்டர் குறுக்களவு. நம்மூர் சாப்பாட்டு ஓட்டல் டம்ளர் அளவு! வானிலை ஆராய்ச்சிக்காகத் தும்பாவிலிருந்து வருஷக்கணக்காக ஏவப்படும் ரோகிணி-200, அதுவும் இரண்டடுக்குதான். நாலடுக்கு எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்ட் 10-ல் இரண்டாம் அடுக்கு தகராறு செய்து கடலில் விழுந்தது; 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுபோய் வைத்தது. “பாத்தியா, அவங்களுக்கே ரெண்டாவது தடவைதான் சரியாச்சு” என்றான் விஞ்ஞானி, நாலு தடவை தோற்ற பெருமையோடு.

டீக்கடையில் எங்கள் ராக்கெட் பத்திரமாக இருந்தது. என் குடைதான்... வேண்டாம், விடுங்கள். அது பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

*

அன்று ராத்திரி கடை ஷட்டருக்குள் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் பாட்டில்கள். அண்ணன் மூக்கில் கண்ணாடி. கையில் அந்தக் கிரீஸ் புத்தகம்.

“கிளாம்ப் வேண்டாம்டே” என்றார் மகனிடம். “மேல் பாட்டில் வாயைச் சின்னதாக்கு. வாய் சின்னதானா, அது கீழே உள்ளதை உதைக்கிற பலமும் கம்மி. கீழே உள்ளது தள்ளும்போது மேல் பாட்டிலோட கனமே அதை அழுத்திப் பிடிச்சிக்கும். தள்ளு நின்னாக்க, தானே கழன்றும்.”

“தரையில நிக்கும்போதே கழன்றுச்சுன்னா?”

“தலைக்கு மேல ஒரு கயிறு போட்டுப் பிடி. கிளம்பும்போது சேத்து விடு.”

கீழ் பாட்டிலிலிருந்து மேல் பாட்டிலுக்குக் காற்று போகணும், திரும்பி வரக் கூடாது. அதற்கு அண்ணன் தேடி எடுத்தது நாலு ரூபாய் பெறாத சமாசாரம்: பழைய சைக்கிள் வால்வும், அதன்மேல் மாட்டுகிற வால்டியூப்பும். காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. கீழ் பாட்டிலுக்கு அகலமாக மூணு இறக்கை, மேல் பாட்டிலுக்குச் சின்னதாக மூணு. தலைக்குப் பாதியாக வெட்டின ரப்பர் பந்து. கடைசியில் ஒரு சோதனை: முழு ராக்கெட்டையும் எடை சமமாக நிற்கிற இடத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேல் சுற்றினார்கள். மூக்கு முன்னால் பார்த்துச் சுற்றினால் ராக்கெட் நேராகப் போகும். பக்கவாட்டில் திரும்பினால் மூக்கில் களிமண் வைத்துக் கனம் கூட்ட வேண்டும். மூணு உருண்டை களிமண் தேவைப்பட்டது.

பதினேழு வயசில் மூடி வைத்த புத்தகத்தை, பாடம் மறக்காமல் ஒரு ஆள் திறந்து வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வருஷம் அவர் புத்தகத்தை மூடினார், கடையைத் திறந்தார். நான் பி.காம். படித்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, அறுப்பு முடிந்த வயல். ஒரு பக்கம் தென்னை, தாண்டினால் குளம். தெருப் பிள்ளைகளை எல்லாம் இருபது அடிக்கு அப்பால் நிறுத்தினார் அண்ணன். (நீங்களும் முயற்சி செய்வதானால், கவனம்: காஸ் ஊற்றி விற்கிற கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மட்டும்தான், கண்ணாடியோ, தகரமோ, கீறல் விழுந்ததோ கூடவே கூடாது. காற்றடித்த பிறகு குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பட்டாசு மருந்துப் பக்கமே போகாதீர்கள்.)

விஞ்ஞானி காற்றடித்தான். பாட்டில்கள் விறைத்தன. “பத்து, ஒன்பது...” என்று பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். ஆறுக்கு வருமுன்பே பதற்றத்தில் அவன் கயிற்றை இழுத்துவிட்டான்.

‘புஸ்ஸ்ஸ்!’

எங்கள் மேல் மழை. நிமிர்ந்தேன். தென்னை உயரத்தில் ஒரு வெள்ளைப் புகை மாதிரி ஏதோ வெடித்தது. அகலமான இறக்கைகளோடு கீழ் பாட்டில் தயங்கி நின்றது. அதன் தலையிலிருந்து மேல் பாட்டில் உருவிக்கொண்டு கிளம்பியது. போச்சு, போச்சு, போய்க்கொண்டே இருந்தது! தென்னைகளுக்கு மேலே, காக்கைகளுக்கு மேலே, சூரிய வெளிச்சத்தில் ஒரு பொட்டாகி, குளத்துப் பக்கம் சாய்ந்தது.

தெருவே கத்தியது. நானும் கத்தினேன். பிள்ளைகள் எல்லாம் குளத்துப் பக்கம் ஓடினார்கள்.

விஞ்ஞானி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். சேற்றில் சொருகிக் கிடந்த கீழ் பாட்டிலை எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தான்.

“என்னடே, மேலே போனதைப் பாக்கலையா?” என்றேன்.

“அதைத்தான் எல்லாரும் பாக்காங்களே” என்றான் அவன்.

அண்ணன் பாட்டிலை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாஷர் நஞ்சு போச்சு. மாத்திட்டா இன்னும் நாலு தடவை தாங்கும்” என்றார்.

கண்காட்சியில் விஞ்ஞானிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, சோடா உப்பில் பொங்குகிற எரிமலைக்கு. நான் படித்த காலத்திலிருந்து அதற்குத்தான் முதல் பரிசு. அந்த எரிமலை அணையவே அணையாது போலிருக்கிறது.

சென்னைக்கு பஸ் ஏறும் முன், பழக்க தோஷத்தில், பயணக் கணக்கு எழுதினேன். பஸ், சாயா, பழம்பொரி, வாஷர், களிமண் இனாம். எல்லாம் சரியாகக் கூட்டி வந்தது. அப்புறம் ஏதோ தோன்றி, பி.காம். மூணு வருஷ ஃபீஸ் என்று ஒரு வரி எழுதினேன். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை. கடனா? முதலீடா? தேய்மானமா? பேனாவை மூடிவிட்டேன்.

விடைபெறக் கடைக்குப் போனபோது அண்ணன் ஒரு ஸ்கூல் பையனின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, டயர்களுக்கு நடுவில், புது வாஷர் போட்ட அந்தக் கீழ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“போய்ட்டு வாரேன்ணே.”

“நேரத்துக்குச் சாப்பிடு” என்றார், பம்பை நிறுத்தாமலே.